கார்த்திகையில் அல்பேனியா

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். அல்பேனியா உலகத்தின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே, அங்கே போவதற்காகத் திண்டிவனத்தில் பெட்டி வாங்கியவன் நான். சிவப்புப் பெட்டி, அடியில் நான்கு சக்கரம். கடைக்காரர் சுண்டுவிரலால் ஒரு தள்ளு தள்ளிக் காட்டினார். அது கடையின் வாசல்வரை தானே உருண்டு போனது. அந்த உருளலில் மயங்கித்தான் வாங்கினேன். அப்போது என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. விசா என்பது பாஸ்போர்ட்டிலேயே கடைசிப் பக்கத்தில் அச்சடித்து வரும் ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன். ஐம்பத்தெட்டு வயதில் நான் போயிருந்த அதிகபட்சத் தூரம் திருப்பதி.

மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். தார் ரோடு முடிந்து எங்கள் தெருவின் மணல் தொடங்குகிற இடத்தில் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. வேறு வழியில்லாமல் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன். உப்புக்கூடை சுமந்த தலைதான், ஆகையால் அதற்கு ஒன்றும் புதிதில்லை. எதிரே வந்தவர்கள் எல்லோரும் எங்கே பயணம் என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாட்டைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

என் மனைவி பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். நான் அல்பேனியா போகப்போவதாகச் சொன்னேன். முப்பது வருஷ அனுபவத்தில் நான் சொல்லும் எதையும் முதல் தடவை நம்புவதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். அன்று அப்படி விடவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்கள யாரு கூப்புட்டது?" என்றாள்.

பெட்டியைப் பரண்மேல் ஏற்றி வைத்தேன்.

எங்களுக்கு ஒரே மகன். அல்பேனியாவில் கடலோரத்து ஊர் ஒன்றில், ஓட்டலில் சமையல்காரனாக இருக்கிறான். போய் மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் அம்மாவுக்குப் போன் செய்வான். அம்மாவுக்கு என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சாப்பாடு, மழை, அவளுடைய முட்டி வலி, தெருவில் யார் வீட்டில் என்ன விசேஷம் எல்லாம் பேசி முடித்து, வைப்பதற்கு முன், "அப்பா எப்படி இருக்காரு?" என்பான். வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவரைப் பற்றி வீட்டுக்காரர் விசாரிப்பதுபோல இருக்கும். அவள் "இருக்காரு" என்பாள். போன் ஸ்பீக்கரில் இருக்கும். அப்போதெல்லாம் நான் அவளுக்கு இரண்டடி தள்ளித்தான் இருப்பேன்.

முதல் வருஷம் என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. போனுக்குக் கேட்கும்படி ஏதாவது கிண்டல் விடுவேன். இவன் சமைத்தும் இன்னும் அந்த ஓட்டலை மூடவில்லையா என்கிற மாதிரி. அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும். பிறகு, "சரிம்மா, வேல இருக்குது" என்று வைத்துவிடுவான். மூன்று நான்கு வாரம் இப்படி நடந்தது. அவளுக்கு வாரத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற கால் மணி நேரத்தை நான் பாதியில் வெட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அதிலிருந்து போன் வருகிற நேரத்தில் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவேன். அங்கேயும் ஒரு ஜன்னல் இருக்கிறது. ஆகவே முழுசாகப் போய்விட்டேன் என்றும் சொல்ல முடியாது.

போன ஆடி மாதம் அவன் அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்பினான். வேலை இல்லாத ஒரு மதியத்தில் ஊருக்கு வெளியே நடந்து போனபோது எடுத்ததாம். அவள் என்னிடம் காட்டினாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அவனுக்குப் பின்னால், கண்ணுக்கு எட்டிய மட்டும் சதுரம் சதுரமாகத் தண்ணீர், நடுவில் மண் வரப்புகள், ஒரு மூலையில் வெள்ளையாகக் குவியல். உப்பளம். உப்பே வேண்டாம் என்று ஏழு கடலைத் தாண்டிப் போனவன், அங்கேயும் ஓர் உப்பளத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தான்.

"எடப்பக்கம் வரப்பு கரைஞ்சிருக்குது பாரு. அந்தப் பாத்தியில தண்ணி நிக்காது" என்றேன்.

அவள் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"பையன் மூஞ்சியப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. போனை மறுபடி வாங்கிப் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. முன்நெற்றியில் முடி மேலே ஏறிவிட்டது. இருபத்தொன்பது வயதில் என் நெற்றி. வலது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. இது எப்போது வந்தது என்று கேட்டேன். எண்ணெய் தெறித்தது, போன தை மாதம் என்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்று தையல் போட்டதும் தெரிந்திருந்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பெட்டி வாங்கப் போனது அதற்கு அடுத்த வாரம்.

எங்கள் பக்கத்தில் எந்தக் காரியத்தை எப்போது செய்வது என்பதற்குப் பஞ்சாங்கத்தைவிட அளத்தைத்தான் பார்ப்போம். உப்பளத்தை நாங்கள் சுருக்கமாக அளம் என்போம். தையில் இறங்கிப் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்துவோம். மாசியில் தண்ணீர் விடுவோம். பங்குனியிலிருந்து புரட்டாசி வரை, விளைய விளைய உப்பை வாருவோம். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் குவியலுக்கு ஓலை போட்டு மூடிவிட்டு, அடுத்த தை வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால் கண் ஆபரேஷன், கோர்ட்டு வாய்தா, சம்பந்தம் பேசுவது, சபரிமலைக்கு மாலை போடுவது எல்லாவற்றையும் மழைக்காலத்துக்குத் தள்ளி வைப்போம். சாவு மட்டும் எங்கள் வசதியைக் கேட்பதில்லை.

குத்தகைக்கு எடுத்த அளம்தான் என்றாலும், இருபத்தாறு வருஷமாக உப்பு வாருகிற நாளில் நான் அதை விட்டு நகர்ந்ததில்லை. வாருகிற மாதங்களில் வெளியூரில் தங்கியதும் இல்லை. இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன். மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது அவன் அம்மா. புதுச்சேரியில் கேட்டரிங் படிப்பில் சேர்த்துவிட்டது அவன் மாமன். அவன் சான்றிதழ் வாங்கிய நாளில் கீழ்ப்பாத்தி விளைந்து நின்றது. விளைந்த உப்பை அன்றைக்கே வாராமல் விட்டு மேலே ஒரு கோடைமழை பெய்துவிட்டால், பத்து நாள் வெயிலும் பத்துப் பேர் உழைப்பும் தண்ணீராகிவிடும். இதை நான் யாரிடம் சொன்னாலும் ஒத்துக்கொள்வார்கள். அது உண்மையும்கூட. உண்மையான காரணம் கையில் இருந்தால் அதன் பின்னால் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் ஒளிந்துகொண்டிருக்கலாம்.

ஆகவே அல்பேனியாவுக்கும் கார்த்திகையில் போவது என்று முடிவு செய்தேன். இதில் யோசிப்பதற்கு ஏதாவது இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை.

பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த கான்ஸ்டபிள் நல்ல மனுஷர். நாற்காலியில் உட்கார்ந்து, மோர் குடித்து, பேப்பரைப் புரட்டி, எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். அது எங்கே இருக்கிறது என்றார். பெருமுக்கல் தாண்டி, திண்டிவனம் தாண்டி, நேராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்றேன். வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, "அங்க இன்னாதான் இருக்குது, நீங்க போற அளவுக்கு?" என்றார்.

"எம் பையன் இருக்கான் சார்."

அதற்குமேல் எனக்கு எதுவும் வேடிக்கையாக வரவில்லை. அவரும் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

விசா விஷயம் பார்த்துக்கொண்டது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் பெண். ரேஷன் கார்டு, பட்டா, மாணவர்களின் ஹால் டிக்கெட் என்று ஊரின் பாதிப் பேப்பர் அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போய் வரும். அல்பேனியாவுக்கு விண்ணப்பம் போடுவது அந்தப் பெண்ணுக்கும் முதல் தடவை. ஒவ்வொரு வரியாகப் படித்து எனக்குத் தமிழில் சொன்னது. வங்கிப் புத்தகம், டிக்கெட், இன்சூரன்ஸ். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். பிறகு ஒரு வரியில் நின்றது.

"உங்கள அங்க கூப்புடுறவங்க லெட்டரு கேக்குதுண்ணே. அவங்க கையெழுத்து போட்டு, இவரு எங்கூடத்தான் தங்குவாருன்னு எழுதணும். பையன்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்கன்னா அனுப்பிடப் போறாரு."

ஒரு வார்த்தைதான். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த லெட்டர் இல்லாமல் போக முடியாதா என்று கேட்டேன். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தது. சுற்றிப் பார்க்கப் போகிற ஆள் மாதிரி லாட்ஜ் புக் பண்ணினால் லெட்டர் வேண்டாம் என்றது. எனக்கு மூச்சு வந்தது. அப்படியே போடு என்றேன்.

மாதத்தைக் கேட்டது. கார்த்திகை என்றேன். எதையோ தட்டிப் பார்த்துவிட்டு ஸ்கிரீனை என் பக்கம் திருப்பியது. முழுக்க மேகப் படம், ஒவ்வொரு மேகத்துக்கும் கீழே சின்னச் சின்னச் சொட்டு.

"அங்கயும் அப்ப மழைதாண்ணே. குளிரு வேற. கடலோரத்துல பாதி ஓட்டலு சாத்திடுவாங்கன்னு போட்டிருக்குது. வெயில் காலத்துல போனாத்தான் ஊரு நல்லா இருக்குமாம்."

மழைக்குப் பயந்தவனா நான், ஒரு மழைக்குத் தப்பி இன்னொரு மழையில் போய் நனைகிறேன் என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது அது உள்ளே உறுத்திக்கொண்டே வந்தது. இருபத்தாறு வருஷமாக உப்போடு கிடக்கிறவன், உப்பு விளைகிற ஊர் ஒன்றுக்கு, உப்பு இல்லாத மாதமாகப் பார்த்துப் போக நாள் குறித்திருக்கிறேன். அந்த அளத்துக்கும் ஒரு வெயில் காலம், ஒரு மழைக்காலம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊர் மழையை மட்டும் வைத்து உலகத்துக்கே நாள் பார்த்திருந்தேன். என் மகனுக்கு எப்போது ஓய்வு, எப்போது வேலை என்று அவன் அம்மாவிடம்கூடக் கேட்கவில்லை.

லாட்ஜ் விஷயத்தை என் மனைவியிடம் சொன்னேன். அவள் அப்போது முறத்தில் மோர்மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் போவதைப் பற்றிச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை; ஆனால் ஒரு வாரமாக வடகம், மோர்மிளகாய், அவனுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடு என்று ஒவ்வொன்றாக மொட்டைமாடியில் ஏறிக்கொண்டிருந்தது.

"பையன் இருக்கற ஊர்ல லாட்ஜுல தங்குவீங்களா?" என்றாள். "அவன் தெருவுல எதிர்ல வந்தா யாருன்னு சொல்லுவீங்க?"

நான் பேச்சை மாற்றினேன். பெட்டியில் இந்த வருஷத்து உப்பிலிருந்து ஒரு கிலோ எடுத்துப் போகப்போகிறேன் என்றேன். இதை ஏற்கெனவே பிரவுசிங் சென்டரில் சொல்லி, வெள்ளையாக ஒன்றைப் பையில் கட்டிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போனால் என்னைத் திருப்பி அனுப்பமாட்டார்கள், உள்ளேயே வைத்துக்கொள்வார்கள் என்று அந்தப் பெண் எச்சரித்திருந்தது. அதையும் சொன்னேன். என் மனைவி சிரிக்கவில்லை. உப்பு எதற்கு என்று அவளுக்குத் தெரியும்.

அதைச் சொல்ல வேண்டுமானால் குழம்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவனுக்கு அப்போது இருபது வயது. கேட்டரிங் படிப்பு முடித்து வந்த முதல் மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள், வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அன்றைக்கு யாரும் அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, அவனே வஞ்சிரம் வாங்கி வந்து குழம்பு வைத்தான். இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். அவன் பரிமாறிவிட்டுக் கதவோரம் நின்றான், கையில் கரண்டியோடு. சாப்பிடுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. இருபது பேர் பேசாமல் சாப்பிடுகிறார்கள் என்றால் எங்கள் வீட்டில் அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று எங்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். எனக்கு அந்த அமைதியைப் பொறுக்க முடியவில்லை. ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தி, உப்பளத்துக்காரன் பிள்ளை வைத்த குழம்பில் உப்பு இல்லை என்றேன்.

வீடே சிரித்தது. என் மச்சானுக்குப் புரையேறித் தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது. இருபது பேரும் அதே குழம்பைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இருந்தும் சிரித்தார்கள். ஏனென்றால் சொன்ன விஷயம் அவ்வளவு பொருத்தம். அவன் கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்துவிட்டு உள்ளே போனான்.

அந்தக் கதையை நான் அதற்கப்புறம் ஆறு வருஷம் சொன்னேன். டீக்கடையில், கல்யாண வீட்டில், லாரியில் உப்பு ஏற்றும்போது. கீழ்புத்துப்பட்டில் அவனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், பேச்சு இறுக்கமாக இருந்தது என்று அங்கேயும் சொன்னேன். பெண்ணின் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவன் வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போனவன், நாங்கள் கிளம்பும்வரை உள்ளே வரவில்லை. அந்தச் சம்பந்தம் கூடவில்லை. அதற்கு வேறு காரணம் சொன்னார்கள்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு சரியாக இருந்தது. இன்னும் ஒரு கல் விழுந்திருந்தால் கூடியிருக்கும், ஒரு கல் குறைந்திருந்தால் போதாமல் இருந்திருக்கும். உப்பிலேயே பிறந்து வளர்ந்த என் நாக்கு அதை முதல் வாயிலேயே தெரிந்துகொண்டது. தெரிந்த பிறகுதான் நான் நிமிர்ந்தேன்.

அவன் அல்பேனியாவுக்குக் கிளம்பியது சித்திரைக் கடைசியில். விமானம் மறுநாள் விடியற்காலை. வீட்டிலிருந்து கார் முந்தின நாள் பகல் மூன்று மணிக்கே புறப்பட வேண்டும். நானும் ஏர்போர்ட்டுவரை போவதாகத்தான் ஏற்பாடு, சட்டைகூட இஸ்திரி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் காலையில் தென்கிழக்கே ஒரு கறுப்பு எழும்பியது. மேல்பாத்தி நான்கும் விளைந்து நின்றன. நான் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு அளத்தில் இறங்கிவிட்டேன்.

பதினொரு மணி வாக்கில் அவன் வரப்பின்மேல் நடந்து வந்தான். புதுச் சட்டை, செருப்பு கையில். நான் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்.

"நீ வரலியாப்பா?"

நீங்கள் முன்னால் போங்கள், இதை முடித்துவிட்டுப் பின்னாலேயே பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றேன். வரமாட்டேன் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அவன் அப்படியே நின்றான். கூடை சுமக்கிற பெண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுபடி அந்த அமைதி. எனக்கு வியாதியே அதுதான். குனிந்து ஒரு கை உப்பை அள்ளி, அவன் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் வைத்தேன்.

"இந்தா. அந்த ஊர்லயாவது கொழம்புல போட மறந்துடாத."

பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் வயதில் மூத்தவள், எங்களிடம் வெகுகாலமாக வேலை செய்கிறவள், பாதிச் சிரிப்பில் நின்றாள். எங்கள் பக்கத்தில் உப்பை யாரும் கையிலிருந்து கைக்குக் கொடுப்பதில்லை. கொடுத்தால் இரண்டு பேருக்கும் நடுவில் சண்டை வந்துவிடும் என்பார்கள். கேட்டவர் முன்னால் கீழே வைத்துவிடுவோம், அவர் எடுத்துக்கொள்வார். பக்கத்து வீட்டுக்கு அரைக் கிண்ணம் கொடுப்பதாக இருந்தாலும் அப்படித்தான். எந்நேரமும் உப்பைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் எங்களுக்கு அது மூச்சு விடுவதுபோலத் தானாக வரும்.

"அண்ணே, கையில குடுக்கறியே" என்றாள் அவள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அவனுக்கும் கேட்டது. உள்ளங்கையைப் பார்த்தான். கொட்டவில்லை. கையை மூடி, அப்படியே சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தான். வரப்பு முடிகிற இடம்வரை திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை, நான் வேலையாக இருந்தேன்.

அன்றைக்கு மழை பெய்யவில்லை. அந்தக் கறுப்பு நேராகக் கடல்பக்கம் போய்விட்டது. மூன்று மணிக்கு வெயில் அடித்தது. நான் வாரி முடித்த உப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் என் மனைவி ஏர்போர்ட்டிலிருந்து திரும்பி வந்தபோது கையில் ஒரு பை இருந்தது. அதில் அந்தப் புதுச் சட்டை. உப்பு கசிந்து பாக்கெட் முழுக்க ஈரமாகிவிட்டதால் அவன் அங்கேயே வேறு சட்டை மாற்றிக்கொண்டானாம். அவள் அதைக் கொடியில் போட்டாள். காய்ந்ததும் பாக்கெட்டின் அடித்தையலில் வெள்ளையாகக் கோடு பூத்தது. அதை வெகுநாள் துவைக்காமல் வைத்திருந்தாள்.

இதனால்தான் உப்பு. என் திட்டம் என்னவென்றால், அவன் அறைக்குப் போய், மேசையோ தரையோ எதிலாவது உப்பை வைத்துவிட்டு நகர்ந்து நிற்பது. அவனாக எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தது அதோடு செல்லாமல் போய்விடும். இதை மோர்மிளகாய் முறத்துக்கு எதிரே உட்கார்ந்து என் மனைவியிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அது ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக இருந்தது.

"உப்பாலயா சண்ட வந்துச்சி?" என்றாள். "உங்க வாயால வந்துச்சி."

முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். படியில் ஏறப்போனவள் நின்று, லெட்டரை நான்தான் கேட்க வேண்டும், அவள் கேட்டுத் தரமாட்டாள் என்றாள். அவள் கேட்டால் அவன் ஒரு நிமிஷத்தில் அனுப்பிவிடுவான். அது அவளுக்காக அனுப்பினதாகத்தான் இருக்கும். அப்படி ஒரு பேப்பரை வைத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தால், அவன் என்னை ஸ்டேஷனில் இறங்கிய தூரத்துச் சொந்தம் மாதிரி வைத்திருந்து, வேளாவேளைக்குச் சோறு போட்டு அனுப்பிவிடுவான். இவ்வளவையும் அவள் சொல்லவில்லை. நானே வாசலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டேன்.

மூன்று நாள் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து எழுதினேன். ஒற்றை விரலால் போனில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறவன் நான். முதல் நாள் எழுதியதில், உன் கையால் ஒரு லெட்டர் போடு, அதிலாவது உப்பு இருக்கிறதா பார்க்கிறேன் என்று இருந்தது. படித்துப் பார்த்து அழித்தேன். இரண்டாம் நாள் எழுதியதில் சிவப்புப் பெட்டியும் கான்ஸ்டபிளும் வந்துவிட்டார்கள். அதையும் அழித்தேன். நான் எழுதும் எதிலும் முதல் வரி நேராக நடக்கிறது, இரண்டாவது வரியில் காலைத் தூக்கி ஆட ஆரம்பித்துவிடுகிறது. வேடிக்கையை எடுத்துவிட்டால் என் மகனிடம் பேச என்னிடம் வேறு பேச்சே இல்லை என்பது அந்தக் கொட்டகையில்தான் எனக்குத் தெரிந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய பாத்தியில் நாலைந்து பூநாரைகள் தலையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டு நின்றன. போட்டோவில் அவனுக்குப் பின்னாலும் இதே பறவைதான் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள் இப்படி எழுதினேன்: "அன்னைக்கு கொழம்புல உப்பு சரியா இருந்துச்சி. எல்லாரும் சிரிக்கணும்னு நான் பொய் சொன்னேன். அதுக்கப்புறமும் சொன்னேன். அளத்துல உன் கையில உப்பு குடுத்ததும் தப்பு. உன்ன வந்து பாக்கணும். விசாவுக்கு நீ கூப்பிட்டதா ஒரு லெட்டர் வேணும். கார்த்திகைல வர்றேன், அப்ப இங்க வேல இல்ல."

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். திருப்பியபோது இரண்டு கோடும் நீலமாகியிருந்தன. பதில் இல்லை.

மறுநாளும் இல்லை. அதற்கடுத்தது ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் அவன் அம்மாவுக்குப் போன் செய்தான். நான் கொல்லையில் நின்றேன். சாப்பாடு, முட்டி வலி, மழை எல்லாம் கேட்டான். வைப்பதற்கு முன் வழக்கமாகக் கேட்கிற அந்த ஒரு கேள்வியை அன்றைக்குக் கேட்கவில்லை. என் மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே வந்தபோது என்னைப் பார்க்காமல், சாப்பிட உட்காருங்கள் என்றாள். நான் உட்கார்ந்தேன். எந்த வேடிக்கையும் சொல்லவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை. அந்த அமைதியில் நான் ஒரு சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டு எழுந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

திங்கட்கிழமை வானம் நாலாபக்கமும் இறங்கிவிட்டது. இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான் என்று குவியலுக்கு ஓலை போட ஆரம்பித்தோம். நான் மேலே ஏறி நின்று, கீழேயிருந்து அந்த மூத்தவள் எடுத்துக் கொடுக்கும் ஓலையை வாங்கி வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். உப்பின் சரிவில் கால் சறுக்கிக்கொண்டே இருந்தது. முதல் தூறல் விழுந்தபோது, பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் செருகியிருந்த போன் துடித்தது. ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தேன். கண்ணாடி வீட்டில் இருந்தது. போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தேன்.

"வேல இல்லாத மாசத்துல வராத, உப்பு வார்ற மாசத்துல வா."